தடுப்பூசி போட்ட பன்றிப் பண்ணையை மூடச் சொல்லி மனு!

கேள்வி: சத்தியமங்கலம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் நானும் என் கணவரும் வெண்பன்றிப் பண்ணை நடத்துகிறோம். 22 தாய்ப்பன்றிகள் இருக்கின்றன. போன மாதம் கால்நடை மருந்தகத்திலிருந்து வந்து ஊசி போட்டுவிட்டு, எங்கள் பதிவேட்டில் "பன்றிக் காய்ச்சல் தடுப்பூசி போடப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். தீவனம் இறக்க வந்த பையன் அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டான். அதே வாரம் யாரோ ஒருவர் பன்றிக் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் சேர்ந்ததாகச் செய்தி வந்தது. இரண்டையும் சேர்த்து, எங்கள் பண்ணையிலிருந்துதான் நோய் பரவுகிறது என்று பேச்சாகி, பண்ணையை மூடச் சொல்லிக் கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்திருக்கிறார்கள். வேலைக்கு வந்த இரண்டு பேரும் நின்றுவிட்டார்கள். ஏழாவது படிக்கும் என் மகளின் பக்கத்தில் பிள்ளைகள் உட்கார மாட்டேன் என்கிறார்களாம். என் கணவர் வெறுத்துப்போய், இனிமேல் ஊசியும் வேண்டாம், ஒரு பன்றி செத்தாலும் யாருக்கும் சொல்லாமல் புதைத்துவிடலாம், வாசலில் இருக்கும் போர்டையும் கழற்றிவிடலாம் என்கிறார். உண்மையிலேயே எங்களால் ஊருக்கு நோய் வருமா டாக்டர்? நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

பதில்: வணக்கம் அம்மா. கடிதத்தின் கடைசியில் உங்கள் கணவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்களே, அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். மனுவைவிட எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது. மனுவுக்குப் பதில் எழுதிவிடலாம். செத்த பன்றியை ராத்திரியோடு ராத்திரியாகப் புதைக்க ஆரம்பித்துவிட்டால், அதிலும் காட்டை ஒட்டிய உங்கள் ஊரில், அதற்கு அப்புறம் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். தமிழில் நாம் பன்றிக் காய்ச்சல் என்று சொல்வது மூன்று வெவ்வேறு நோய்கள். மூன்றும் மூன்று வைரஸ், ஒன்றுக்கொன்று பங்காளி உறவுகூடக் கிடையாது.

ஆஸ்பத்திரியில் சேர்ந்தவருக்கு வந்தது எச்1என்1 இன்ஃபுளுயன்சா. 2009-ல் மெக்சிகோவிலும் அமெரிக்காவிலும் தலைகாட்டி உலகம் முழுக்கப் பரவியது. 2010-க்குப் பிறகு அது சாதாரண சீசன் ஃபுளூக்களில் ஒன்றாகிவிட்டது. மழைக்காலத்தில் வீட்டுக்கு வீடு இருமிக்கொண்டிருக்கிறோமே, அந்தக் கூட்டத்தில் இதுவும் இருக்கும். இருமல், தும்மல், மூக்கைத் தொட்ட கை என்று மனிதரிடமிருந்து மனிதருக்குத்தான் பரவுகிறது. இது வந்து ஆஸ்பத்திரியில் சேர்பவர்களில் பெரும்பாலோர் பன்றிக் கொட்டகைப் பக்கமே போயிருக்க மாட்டார்கள், ஆனால் செய்தியில் அவர்கள் பெயருக்கு மேலே ஒரு பன்றியின் படம் இருக்கும்.

உங்கள் பன்றிகளுக்கு ஊசி போட்டது வேறு நோய்க்கு. கிளாசிக்கல் ஸ்வைன் ஃபீவர், சுருக்கமாக சி.எஸ்.எஃப். பன்றிக்கு மட்டுமே வரும், மனிதருக்கு வரவே வராது. அரசே திட்டம் போட்டு நாடு முழுவதும் இதற்குத் தடுப்பூசி போடுகிறது. ஆக, உங்கள் பதிவேட்டில் இருந்தது நோய் வந்ததற்கான சாட்சி இல்லை, வராமல் இருக்க நீங்கள் செய்ததற்கான சாட்சி. நாய்க்கு வெறிநோய் ஊசி போட்ட அட்டையைப் பார்த்துவிட்டு யாரும் அந்த நாய்க்கு வெறி பிடித்துவிட்டது என்று சொல்வதில்லை. பன்றி என்றால் மட்டும் சொல்கிறார்கள்.

மூன்றாவது ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல், ஏ.எஸ்.எஃப். இதுவும் மனிதருக்கு வராது. ஆனால் பன்றிகளுக்கு இது எமன். பண்ணைக்குள் நுழைந்தால் கிட்டத்தட்ட எல்லாம் போய்விடும், நம் நாட்டில் இதற்குத் தடுப்பூசி புழக்கத்தில் இல்லை. 2020-ல் அசாமிலும் அருணாச்சலத்திலும் தெரியவந்தது, 2022-ல் வயநாட்டுக்கு வந்தது, 2023 ஜனவரியில் முதுமலையில் காட்டுப்பன்றிகள் இதனால் செத்தன. முதுமலைக்கும் உங்கள் ஊருக்கும் நடுவே இருப்பது தொடர்ச்சியான காடு என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது உங்கள் கணவர் சொன்ன புதைக்கும் யோசனையை வைத்துப் பாருங்கள். சி.எஸ்.எஃப்., ஏ.எஸ்.எஃப். இரண்டிலும் கடும் காய்ச்சல் வரும், தீவனம் எடுக்காது, காதும் வயிற்றுத் தோலும் சிவந்து நீலம் பாய்ந்து போகும். கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது, ரத்த மாதிரி ஆய்வகத்துக்குப் போய் வந்தால்தான் எது என்று உறுதியாகும். சி.எஸ்.எஃப். ஊசி ஒழுங்காகப் போட்ட பண்ணையில் இப்படி ஒரு சாவு விழுந்தால் எங்களுக்கு உடனே ஏ.எஸ்.எஃப். சந்தேகம் வரும், அதுதான் அந்த ஊசியின் இன்னொரு பயன். ஊசி போடாமல், ஒரு முழ ஆழத்தில் புதைத்தும்விட்டால், அடுத்த நாள் ராத்திரி காட்டுப்பன்றி வந்து தோண்டும். வைரஸ் காட்டுக்குள் போகும், காட்டிலிருந்து அடுத்த ஊருக்குப் போகும். அந்த வைரஸ் லேசில் சாவதில்லை, இறைச்சியில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும்.

இன்னொன்றும் நடக்கும், இதைப் பல ஊர்களில் பார்க்கிறோம். பேர் கெட்டுவிடும் என்று பயந்த பண்ணைக்காரர், இரண்டு பன்றி சோர்ந்து படுத்த உடனே மீதியை வந்த விலைக்கு வண்டி ஏற்றி அனுப்பிவிடுவார். வியாபாரி வண்டி எட்டுப் பண்ணைக்குப் போகும். நோய்க்கு ஒரு கெட்ட பெயர் ஒட்டிக்கொண்டால் முதலில் நின்றுபோவது தகவல்தான். அதனால்தான் உங்கள் ஊர்க்காரர்கள் செய்தது உங்களுக்குச் செய்த அநியாயம் மட்டுமில்லை, சுற்றுவட்டாரத்தில் பன்றி வைத்திருக்கும் அத்தனை பேருக்கும் வாயை மூடிக்கொள்ளக் கற்றுக்கொடுத்த காரியம் என்கிறேன்.

சரி, இந்தப் பெயர் எப்படி வந்தது? சும்மா வானத்திலிருந்து விழவில்லை. 2009 வைரஸின் மரபணுத் துண்டுகளைப் பிரித்துப் பார்த்தபோது, வட அமெரிக்கப் பன்றிகளிலும் ஐரோப்பிய, ஆசியப் பன்றிகளிலும் புழங்கிய ஃபுளூ வைரஸ்களின் துண்டுகள் கலந்திருந்தன. பூர்வீகம் பன்றிதான், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பூர்வீகம் வேறு, இன்றைக்கு யாரிடமிருந்து யாருக்கு வருகிறது என்பது வேறு. மனிதரிடம் வந்து சேர்ந்த பிறகு அது மனித நோய். சொல்லப்போனால், பல நாடுகளில் பண்ணையாட்களிடமிருந்து பன்றிகளுக்குத்தான் அது தொற்றியது. உலக சுகாதார நிறுவனம் 2009 ஏப்ரல் 30-ஆம் தேதியே இனி ஸ்வைன் ஃபுளூ என்று சொல்ல மாட்டோம், இன்ஃபுளுயன்சா ஏ எச்1என்1 என்றுதான் சொல்வோம் என்று மாற்றிக்கொண்டது. யார் கேட்டார்கள்? அதற்குள் பெயர் ஊர் சுற்றிவிட்டது.

அதற்கு முந்தின நாள்தான் எகிப்து அரசு நாட்டிலுள்ள சுமார் மூன்று லட்சம் பன்றிகளையும் கொல்ல உத்தரவு போட்டிருந்தது. அப்போது எகிப்தில் ஒரு மனிதருக்குக்கூட அந்தக் காய்ச்சல் வந்திருக்கவில்லை. இது தேவையில்லாத வேலை என்று ஐ.நா. நிபுணர்கள் சொன்னார்கள், நிற்கவில்லை. அந்தப் பன்றிகள் யாருடையவை என்று பார்த்தால்தான் விஷயம் புரியும். கெய்ரோவின் மொகத்தம் மலையடியில் குப்பை பொறுக்கிப் பிழைக்கும் சபாலீன் மக்கள், பெரும்பாலும் காப்டிக் கிறிஸ்தவர்கள். வீடு வீடாகக் குப்பை எடுத்து வருவார்கள், பிளாஸ்டிக்கையும் தகரத்தையும் பிரித்து விற்பார்கள், அழுகும் குப்பையைப் பன்றி தின்னும், அந்தப் பன்றியும் காசாகும். மக்கள் தொகையில் சிறுபான்மை, தொழில் குப்பை, வளர்ப்பது பன்றி, மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்திருந்தன. எதிர்ப்பு வந்ததும், இது காய்ச்சலுக்காக மட்டுமில்லை, பொதுச் சுகாதாரத்துக்காகவும்தான் என்று அரசு பேச்சை மாற்றியது. பன்றிகள் போன பிறகு அழுகும் குப்பையைத் தின்ன ஆள் இல்லாமல் கெய்ரோ தெருக்களில் குப்பை மலையாகக் குவிந்தது. காய்ச்சலும் வராமல் இருக்கவில்லை, அடுத்த சில வாரங்களில் மனிதர்களோடு விமானத்தில் வந்து இறங்கியது.

நம் ஊரும் இதில் ஒன்றும் குறைந்ததில்லை அம்மா. பன்றி வளர்ப்பை இங்கே காலம்காலமாகச் சாதியோடு ஒட்டித்தான் பார்த்திருக்கிறார்கள். நீங்கள் எந்தச் சாதி என்று எனக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். ஆனால் ஊரில் கோழிப் பண்ணை நாற்றத்தைச் சகித்துக்கொள்பவர்கள் பன்றிப் பண்ணையை மட்டும் மூடச் சொல்வதற்கு மூக்கு மட்டும் காரணமில்லை என்பது நம் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பழைய அருவருப்புக்கு இந்த நோயின் பெயர் ஒரு மெடிக்கல் சர்ட்டிபிகேட் போல வந்து வாய்த்துவிட்டது.

விலங்குகள் பட்டதும் கொஞ்சமில்லை. 2022-ல் குரங்கம்மை பரவியபோது பிரேசிலில் சில இடங்களில் குரங்குகளுக்கு விஷம் வைத்தார்கள், அடித்தார்கள். அந்தச் சமயம் நோய் மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவிக்கொண்டிருந்தது, குரங்குக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. 1958-ல் டென்மார்க்கில் ஒரு ஆய்வகத்தில் அடைத்துவைத்திருந்த குரங்குகளிடம் முதலில் கண்டுபிடித்தார்கள் என்பதால் அந்தப் பெயர், அவ்வளவுதான். இயற்கையில் அதைச் சுமப்பது அணில், எலி வகைகள் என்பதுதான் இப்போதைய கணிப்பு. 2022 நவம்பரில் எம்பாக்ஸ் என்று பெயரை மாற்றினார்கள்.

இப்படியெல்லாம் ஆகும் என்று முன்கூட்டியே யோசித்து, 2015 மே மாதமே உலக சுகாதார நிறுவனம் ஒரு வழிகாட்டுதல் கொடுத்திருந்தது. புதிதாக வரும் மனித நோய்க்கு ஊர் பெயர், ஆள் பெயர், விலங்கின் பெயர், தொழிலின் பெயர் எதையும் வைக்காதீர்கள் என்று. நல்ல காரியம். கோவிட்-19 அப்படி வைத்த பெயர்தான். ஆனால் பழைய பெயர்களை அது தொடவில்லை, விலங்கு நோய்களுக்கும் அது பொருந்தாது, அதனால் ஏ.எஸ்.எஃப். இன்னும் ஆப்பிரிக்காவைச் சுமந்துகொண்டிருக்கிறது.

இதற்காக விலங்கின் பெயர் வந்தாலே தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். பறவைக் காய்ச்சல் உண்மையிலேயே பறவைகளின் நோய். கோழிகள் கொத்துக் கொத்தாகச் செத்தால் விலகி நில்லுங்கள், துறைக்குச் சொல்லுங்கள் என்று அந்தப் பெயரே எச்சரிக்கிறது. ஆனாலும் 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிராவின் நவாப்பூரில் அது வந்தபோது, ஒரு கோழிக்குக்கூட நோய் வராத நாமக்கல்லில் முட்டை விலை படுத்துவிட்டது. பெயர் சரியாகவே இருந்தாலும் எந்த ஊர், எந்தப் பண்ணை, வேகவைத்துத் தின்றால் வருமா வராதா என்று யாரும் கேட்பதில்லை.

உங்கள் முக்கியமான கேள்விக்கு வருகிறேன். உங்களால் ஊருக்கு நோய் வருமா? நான் உங்கள் பக்கம்தான், அதற்காகப் பன்றியால் எந்த நோயும் வராது என்று எழுதிக் கொடுக்க மாட்டேன்.

பெயரில் பன்றியே இல்லாத ஒரு நோய் இருக்கிறது, ஜப்பானிய மூளைக்காய்ச்சல். பன்றிக்கு உண்மையான பங்கு இருப்பது அதில்தான். வயல் தண்ணீரில் பெருகும் கியூலெக்ஸ் கொசு இந்த வைரஸோடு வந்து பன்றியைக் கடித்தால், பன்றியின் உடம்பில் வைரஸ் ஏராளமாகப் பெருகும். அதைக் கடித்த கொசு குழந்தையைக் கடித்தால் ஆபத்து. வளர்ந்த பன்றிக்குப் பெரிதாக ஒன்றும் செய்யாது, சினைப் பன்றி என்றால் குட்டிகள் செத்துப் பிறக்கலாம். இந்தியாவில் இது முதலில் தெரியவந்ததே நம் வேலூரில், 1955-ல். பெயரில் ஜப்பான் இருப்பதால் இது எங்கோ தூரத்து நோய் என்று நினைக்கிறோம். உங்கள் மனுக்காரர்கள் கேட்கவேண்டிய நியாயமான கேள்வி இது, பெயர் திசைதிருப்பிவிட்டதால் அவர்களுக்கும் தோன்றவில்லை. அவர்கள் கேட்காவிட்டாலும் நீங்கள் செய்யுங்கள். கொட்டகைக் கழுவு நீர் தேங்காமல் மூடிய குழிக்குப் போகட்டும். சாயங்காலத்துக்கு மேல் கொசுவலை இறக்குங்கள். கொட்டகை வீடுகளுக்கு ரொம்பப் பக்கத்தில் இருந்தால் அடுத்த கொட்டகையையாவது தள்ளிப் போடுங்கள். ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்கான தடுப்பூசி உங்கள் மாவட்டத்தில் குழந்தைகளுக்குப் போடப்படுகிறதா என்று கிராம சுகாதாரச் செவிலியரிடம் கேட்டு வையுங்கள்.

ஃபுளூ விஷயத்திலும் கொஞ்சம் ஜாக்கிரதை வேண்டும். பன்றிக்கு மனித ஃபுளூவும் வரும், பறவை ஃபுளூவும் வரும், இரண்டும் ஒரே பன்றிக்குள் சந்தித்தால் புதிதாக ஒன்று கிளம்பக்கூடும். அதனால் காய்ச்சல், இருமலோடு யாரும் கொட்டகைக்குள் போகக் கூடாது, நீங்களும் சரி, வேலையாட்களும் சரி. வருடத்துக்கு ஒருமுறை மழைக்கு முன்னால் எல்லோரும் ஃபுளூ ஊசி போட்டுக்கொள்ளுங்கள். பன்றிகள் கூட்டமாக இருமினால் எனக்கோ உங்கள் கால்நடை உதவி மருத்துவருக்கோ சொல்லுங்கள். நன்றாக வேகவைத்த பன்றி இறைச்சியால் எச்1என்1 வராது, இதைக் கேட்கும் அத்தனை பேரிடமும் தயங்காமல் சொல்லலாம்.

அப்புறம், ஹோட்டல் மிச்சம் போடுகிறீர்களா? கடிதத்தில் எழுதவில்லை, அநேகமாகப் போடுவீர்கள், தீவன விலைக்கு வேறு வழியில்லை என்று தெரியும். ஏ.எஸ்.எஃப். பண்ணைக்குள் நுழையும் முக்கியமான வாசல் அந்த மிச்சம் வரும் நீல பேரல்தான். பன்றி இறைச்சி கலந்த மிச்சம் வேண்டவே வேண்டாம். மற்றதையும் கிளறிக் கிளறி நன்றாகக் கொதிக்கவைத்து, ஆறியபின் போடுங்கள். மிச்சம் எடுக்கப் போகும் வண்டியும் ஆளும் கழுவாமல் கொட்டகைப் பக்கம் வரக் கூடாது. காட்டுப்பன்றி உள்ளே வராதபடி வேலியைப் பாருங்கள்.

மனுவைப் பற்றி. கலெக்டர் ஆபீஸில் கொடுத்த மனு விசாரணைக்குக் கால்நடை பராமரிப்புத் துறைக்கு வரத்தான் போகிறது, அதுவரை காத்திருக்காதீர்கள். ஊசி போட்ட மருத்துவரிடம் போய், இன்ன தேதியில், இத்தனை பன்றிகளுக்கு, கிளாசிக்கல் ஸ்வைன் ஃபீவர் தடுப்பூசி போடப்பட்டது, இந்த நோய் மனிதருக்குப் பரவாது என்று ஒரு கடிதம் கேளுங்கள், மறுக்க மாட்டார். பதிவேட்டிலும் இனிமேல் சி.எஸ்.எஃப். தடுப்பூசி என்றே எழுதச் சொல்லுங்கள். அந்தக் கடிதத்தையும், கழிவுநீர்க் குழியின் போட்டோவையும் சேர்த்து நீங்களே அடுத்த திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் ஒரு மனு கொடுங்கள். நாற்றம், கொசு என்று அவர்கள் மனுவில் ஏதாவது நியாயமாக இருந்தால், அதற்கு என்ன செய்யப்போகிறோம் என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள், அதிகாரியிடம் அது எடுபடும். வாட்ஸ்அப் குரூப்பில் வாக்குவாதம் வேண்டாம். கடிதத்தைப் போடுங்கள், ஒரே வரியில் விஷயத்தைச் சொல்லுங்கள், விட்டுவிடுங்கள்.

வேலைக்கு நின்றுபோனவர்களின் வீட்டுக்கு நீங்களே நேரில் போய் மேலே சொன்னதைச் சொல்லிக் கூப்பிடுங்கள். அவர்களுக்குப் பயத்தைவிட ஊரார் பேச்சுதான் பெரிதாக இருக்கும், உங்கள் கையில் மருத்துவர் கடிதம் இருந்தால் அவர்களுக்கும் சொல்வதற்கு ஒரு பதில் கிடைக்கும்.

பாப்பாவின் விஷயத்தைத் தள்ளிப்போடாதீர்கள். தலைமை ஆசிரியரை நீங்கள் இருவரும் போய்ப் பாருங்கள். என் மகளைக் கேலி செய்கிறார்கள் என்று மட்டும் சொன்னால் இரண்டு பிள்ளைகளைக் கூப்பிட்டுத் திட்டுவார், அதோடு முடிந்துவிடும், கேலி மைதானத்துக்குப் போகும். ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து ஒருவர் வந்து காலை வழிபாட்டுக் கூட்டத்தில் எச்1என்1 பற்றிப் பத்து நிமிடம் பேச ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். இருமும்போது முழங்கையை வைத்து மூடு, காய்ச்சலென்றால் லீவு போடு, கையைக் கழுவு. பேசுபவர் பன்றி என்ற வார்த்தையை எடுக்கவே வேண்டாம். அந்தப் பள்ளிக்கூடத்தில் அடுத்த எச்1என்1 வந்தால் அது பக்கத்து பெஞ்சில் மூக்கைச் சிந்தும் பிள்ளையிடமிருந்துதான் வரும், எந்த வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம்.

உங்கள் கணவருக்கு ஒரு வார்த்தை. அய்யா, கோபம் நியாயம்தான். ஆனால் ஒரு பன்றி காரணம் தெரியாமல் செத்தால் தொடாதீர்கள், மற்றவற்றிலிருந்து பிரித்து மூடிவைத்துவிட்டு கால்நடை உதவி எண் 1962-க்கு அடியுங்கள், இல்லை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள். ஏ.எஸ்.எஃப். உறுதியானால் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் பன்றிகளை அழிப்பார்கள், கஷ்டம்தான், ஆனால் அதற்கு இழப்பீடு உண்டு. மறைத்துப் புதைத்த பன்றிக்கு ஒன்றும் கிடைக்காது. போர்டைக் கழற்ற வேண்டாம். கழற்றினால் எதையோ மறைக்கிறார்கள் என்று ஆகிவிடும், கழற்றுவதால் நாற்றமும் குறையாது. வேண்டுமானால் அதற்குக் கீழே, அனுமதியில்லாமல் உள்ளே வராதீர்கள், கால்களைக் கிருமிநாசினியில் நனைத்துவிட்டு வாருங்கள் என்று சேர்த்து எழுதி, வாசலில் ஒரு தொட்டி கட்டுங்கள். தீவன வண்டிப் பையனுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன், அவன் இனி மூட்டையைக் கேட்டுக்கு வெளியிலேயே இறக்கட்டும்.